பொன்னாடைக்குக் குனிந்த கழுத்து

கிராமத்துக் கபடியில் நடுவருக்குக் கொடுக்கிற பனியனின் முதுகுப் பக்கம் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. பரிசுத் தொகை கொடுத்தவரின் படம் இருக்கும். அவர் கட்சிக்காரராக இருந்தால் அவருக்கு மேலே தலைவர் படமும் இருக்கும். ரசிகர் மன்றம் நடத்துகிற போட்டி என்றால் நடிகர். அஞ்சலிப் போட்டி என்றால் செத்துப்போன பையனின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைப் பெரிதாக்கிப் போட்டிருப்பார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகிற நெடுஞ்சாலையில், தாமல் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் பொங்கலுக்குப் பொங்கல் விசில் ஊதியவன் நான். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். ஓய்வுபெற்ற பிறகும் இந்தப் பக்கத்தில் எனக்கு ரெஃப்ரி சார் என்றுதான் பெயர்.

அந்தப் பனியன்களை எல்லாம் போட்டுக்கொண்டேன். மேடையில் பொன்னாடை போர்த்த வந்தால் கழுத்தைக் குனிந்து கொடுத்தேன். ஒரு வருஷம் கட்சிக் கரை போட்ட துண்டு தோளில் கிடக்க, அதோடேயே மைதானத்துக்குள் போய் டாஸ் போட்டேன். "சார், நீங்க எந்தப் பக்கம்?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த நான்தான் ஒரு பொங்கல் போட்டியில், கலர் கலராக நெய்த ஒரு விசில் கயிற்றைக் கையால் தள்ளிவிட்டு, "நடுவருக்கு நிறம் கிடையாது தம்பி" என்று சொன்னேன்.

அந்த வருஷம் போட்டியை நடத்தியவர்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளில் ஷிஃப்டு வேலைக்குப் போகிற பையன்கள். பரிசு கொடுக்க ஒரு திருநங்கையைக் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துக்காக ரெய்டு போனவள், நான் ஆட்டம் சொல்லிக்கொடுத்த பிள்ளை. வீட்டை விட்டுப் போய், வேறு ஊரில் வளர்ந்து, சொந்தக் காலில் நின்ற பிறகு முதன்முறையாக ஊருக்குள் மரியாதையாக அழைக்கப்பட்டிருந்தாள். அவளுக்கு ஒரு வரவேற்பாக இருக்கட்டுமே என்று நடுவர், லைன்ஸ்மேன், ஸ்கோரர் எல்லாருக்கும் வானவில் நிறத்தில் விசில் கயிறு வாங்கி வைத்திருந்தார்கள். வற்புறுத்தவில்லை. "விருப்பம் இருந்தா போட்டுக்குங்க சார்" என்றுதான் நீட்டினான் அந்தப் பையன்.

நான் மறுத்தது மட்டும் இல்லை, ஒரு பிரசங்கமும் செய்தேன். நடுவன் என்றால் எந்த அடையாளமும் இல்லாதவன், ஒரு கொள்கையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் அதைப் பிடிக்காத டீம் என் தீர்ப்பை எப்படி நம்பும், இன்றைக்கு இது, நாளைக்கு இன்னொருத்தன் இன்னொரு கயிறு கொண்டுவருவான். நன்றாகத்தான் பேசினேன் என்று அப்போது நினைத்தேன். பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் கேட்டாள்:

"சார், முதுகுல யாரு படம் அது?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. விசிலை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போய்விட்டேன்.

நான் பேசிய பேச்சு முழுக்கப் பொய் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். விளையாட்டு உலகம் இந்த வாதத்தைப் பல வருஷமாக நடத்திக்கொண்டிருக்கிறது. 2014இல் சவுத்தாம்ப்டனில் இந்தியாவுக்கு எதிரான கிரிக்கெட் டெஸ்டில் இங்கிலாந்தின் மொயின் அலி காஸாவுக்கு ஆதரவான கைப்பட்டை அணிந்து பேட் பிடித்தார். ஆட்ட நடுவர் டேவிட் பூன் அதைக் கழற்றச் சொன்னார். 2023 டிசம்பரில் பெர்த்தில் ஆஸ்திரேலியாவின் உஸ்மான் கவாஜா தன் ஷூவில் எழுதிய வாசகத்தோடு ஆட முடியவில்லை. கத்தார் உலகக் கோப்பையில், 2022இல், பாகுபாட்டுக்கு எதிரான ஒன்லவ் கைப்பட்டை அணிய நினைத்த ஐரோப்பியக் கேப்டன்கள், மஞ்சள் அட்டை விழும் என்று தெரிந்ததும் பின்வாங்கினார்கள். அந்த அட்டையை நீட்ட வேண்டிய கை நடுவருடையது. பட்டை கட்டிய குற்றத்துக்கு அட்டை காட்டுவது நடுநிலையா, பக்கம் சாய்வதா? இதற்கு எனக்கு விடை தெரியாது. இங்கிலாந்தில் 2013இல், தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காகப் பேசுகிற ஸ்டோன்வால் அமைப்பு தொடங்கிய வானவில் ஷூ லேஸ் இயக்கம் நடுவர்கள் வரைக்கும் போனது. ஆனால் 2024இல் இப்ஸ்விச் கால்பந்து அணியின் கேப்டன் சாம் மோர்ஸி தன் மதநம்பிக்கையைச் சொல்லி வானவில் பட்டையைக் கட்ட மறுத்தார். அவரைத் தப்பாகப் பேச எனக்கு வாய் வரவில்லை. ஒருத்தர் மனசாட்சிக்கு விரோதமாக எதையும் கட்டச் சொல்லக் கூடாதுதான்.

ஆனால் மோர்ஸி தன் நம்பிக்கையைக் காரணமாகச் சொன்னார். நான் சொன்ன காரணம் என் நம்பிக்கை இல்லை. எனக்கு நடுநிலையில் அப்படி ஒரு நம்பிக்கை இருந்திருந்தால் முதுகில் இருந்த படத்தை முதலில் கழற்றியிருப்பேன்.

நம்மூர்க் கபடியில் இது ஒன்றும் தெரியாத விஷயமும் இல்லை. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கபடிப் போட்டிகளுக்கு அனுமதி கொடுக்கும்போது, ஆட்டக்காரர்களின் உடையில் சாதி அடையாளமோ கட்சித் தலைவர் படமோ இருக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டிருக்கிறது. அந்தச் செய்தியை டீக்கடையில் பேப்பரில் படித்து, "சரியான உத்தரவு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னவன்தான் நான். சொன்ன பிறகு வந்த போட்டியிலும் படம் போட்ட பனியன் போட்டுக்கொண்டேன்.

இனி அவள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்துக்கு வருகிறேன். வாக்குமூலம் சொல்ல வந்துவிட்டுக் கயிற்றோடு நிறுத்தினால் அது பாதிப் பொய்.

அப்போது ஊர் அவளைப் பையனாகத்தான் பார்த்தது. நல்ல ரெய்டர். உடம்பு கொடிமாதிரி வளையும். போனஸ் லைனைத் தொட்டுவிட்டு, பிடிக்க வருகிறவனின் கை வருவதற்குள் திரும்பிவிடுவாள். அந்த நடையும் கைவீச்சும் கூட்டத்துக்கு வேடிக்கையாக இருந்தது. பாடிக்கொண்டு போனால் ஓரத்திலிருந்து ஒரு எண்ணைச் சொல்லிக் கூவுவார்கள். எந்த எண் என்று நான் எழுதத் தேவையில்லை, தமிழ்ப் படம் பார்த்த எல்லாருக்கும் தெரியும். எதிர் டீம் பையன்கள் கையைத் தட்டிக் காட்டுவார்கள். ஒரு ஆட்டத்தில் பொறுக்க முடியாமல் அவள் கோட்டைத் தாண்டிப்போய் ஒருத்தனின் பனியனைப் பிடித்துவிட்டாள்.

நான் விசில் அடித்தேன். பச்சை அட்டையை எடுத்தேன். அவளிடம் நீட்டினேன்.

கபடியில் பச்சை அட்டை எச்சரிக்கை, மஞ்சள் என்றால் இரண்டு நிமிஷம் வெளியே. கெட்ட வார்த்தை பேசுகிற ஆட்டக்காரனுக்கும் அதே அட்டையைக் காட்டலாம். கூட்டம் அத்துமீறினால் ஆட்டத்தை நிறுத்திவைக்கலாம். விதியில் இவ்வளவு இருந்தும், கையைத் தட்டிக் காட்டிய எதிர் டீம் பையனுக்கு நான் எதுவும் காட்டவில்லை. அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, "நீ ஒழுங்கா நடந்தா அவனுங்க ஏன்டா பேசுறானுங்க?" என்றேன். எனக்குப் பின்னால் ஸ்கோரர் சிரித்தது கேட்டது. நானும் சிரித்தேன். சிரிப்பு வந்ததால் சிரிக்கவில்லை, அவரோடு சேர்ந்துகொள்ளச் சிரித்தேன். அது இன்னும் கேவலம்.

மண்டலப் போட்டிக்குப் பெயர் எழுதும்போது அவள் பெயரை விட்டுவிட்டேன். காரணம் கேட்ட தலைமையாசிரியரிடம் உடம்பு முடியாத பையன் என்றேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. வெளியூர்க் கூட்டத்தில் கூவினால் பிரச்சினையாகுமே, எனக்கு எதற்கு வம்பு என்ற நினைப்புதான். அடுத்த வருஷம் அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. நான் தேடிப்போகவும் இல்லை.

அதே காலத்தில், அதே மாதிரி மைதானத்தில் நடந்த இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கூட்டத்தில் ஒருத்தன் எதிர் டீமின் சாதிப் பெயரைச் சொல்லிக் கத்தினான். ஒரே ஒரு தடவை. நான் ஆட்டத்தை அங்கேயே நிறுத்தினேன். மைக்கை வாங்கி, கத்தியவன் வெளியே போகாமல் ஆட்டம் தொடங்காது என்று அறிவித்தேன். அவனை அனுப்பின பிறகுதான் விசில் ஊதினேன். இரண்டு ஊர்ப் பெரியவர்களும் வந்து கையைப் பிடித்து, "நீதான்யா நடுவன்" என்றார்கள். நெஞ்சு விரிந்தது.

இப்போது யோசித்தால், அன்றைக்கு என்னை நிறுத்தவைத்தது நீதி இல்லை, பயம். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு தெரு இருந்தது. கல் எறிய ஆள் இருந்தது, காவல் நிலையத்துக்குப் போக ஆள் இருந்தது, வழக்குப் போடச் சட்டம் இருந்தது. அந்த எண்ணைச் சொல்லிக் கூவியபோது அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. பெற்ற அப்பாகூடக் கூட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். யாரால் திருப்பி அடிக்க முடியும், யாரால் முடியாது என்று பார்த்துப் போட்ட கணக்கைத்தான் இத்தனை காலம் நடுநிலை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் புதுக்கோட்டை கதக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன் வெள்ளி வாங்கியபோது, அடுத்து வந்த பிரேயரில் அவரைப் பற்றிப் பேசியவன் நான். செங்கல் சூளையில் வேலை பார்த்த அப்பா அம்மாவின் மகள், உங்களை மாதிரி ஊர்க்காரப் பிள்ளை, ஓடுங்கடா என்று பிள்ளைகளை விரட்டினேன். சில நாளில் பாலினச் சோதனை என்ற செய்தி வந்தது, பதக்கம் போனது. நான் அந்தப் பெயரை மறுபடி வாயில் எடுக்கவில்லை. ஆசிரியர்கள் அறையில் ஒருத்தர் மட்டமான ஒரு ஜோக் சொன்னார், நான் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். சாந்தி பிறகு சூளையில் கூலி வேலைக்குப் போன செய்தியும் வந்தது. பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பு முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளராக நிலையான வேலைக்கு வர 2016 ஆகிவிட்டது. அந்தப் பத்து வருஷமும் அவருக்காகப் பேசியவர்கள் உண்டு. விளையாட்டு ஆசிரியர்கள் என்று சொல்லிக்கொள்கிற எங்களில் எத்தனை பேர் பேசினோம்?

ஒடிசாவின் ஓட்டக்காரர் த்யுதி சந்த் விஷயத்திலும் இதே கதைதான். 2014இல் காமன்வெல்த் போட்டிக்கு முன்னால், உடம்பில் ஆண் ஹார்மோன் அதிகம் என்று ஒரு விதியைக் காட்டி அவரை நிறுத்தினார்கள். அவர் வழக்குப் போட, 2015 ஜூலையில் விளையாட்டு நடுவர் மன்றம் அந்த விதியையே நிறுத்திவைத்தது. 2019 மே மாதத்தில், தான் ஒரு பெண்ணை நேசிப்பதாக வெளியே சொன்னார். நெசவாளி வீட்டுப் பிள்ளை அவர். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த காஞ்சிபுரத்துக்காரனுக்கு அதற்காகவாவது ஒரு ஒட்டுதல் வந்திருக்க வேண்டும். "இதெல்லாம் எதுக்கு வெளியில சொல்றா?" என்றுதான் எனக்குத் தோன்றியது. கல்யாணப் பத்திரிகையை ஊரெல்லாம் கொடுத்தவன் கேட்கிற கேள்வியா இது!

என் மனசை அசைத்தது விளையாட்டுக்காரர் யாரும் இல்லை, ஒரு நீதிபதி. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்து வாழ்ந்த இரண்டு இளம் பெண்களின் வழக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன்னால் வந்தது. பெற்றவர்கள் காணவில்லை என்று புகார் கொடுத்திருந்தார்கள். வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் தன்பால் உறவு 377ஆம் பிரிவின்படி குற்றம் ஆகாது என்று 2018 செப்டம்பர் 6ஆம் தேதியே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சட்டத்தை மட்டும் பார்த்து ஒரு உத்தரவு எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. தனக்கே இதில் போதுமான புரிதல் இல்லை, முன்முடிவுகளிலிருந்து முழுக்க விடுபட்டவன் இல்லை என்று ஒப்புக்கொண்டு, ஒரு உளவியல் ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகுதான் 2021 ஜூன் 7ஆம் தேதி உத்தரவு எழுதினார். ஒப்புக்கொண்டதை அந்த உத்தரவிலேயே பதிவும் செய்தார். அந்த வழக்கின் தொடர்ச்சியில், தன்பாலீர்ப்பாளர், திருநங்கையர் போன்றவர்களைப் போலீஸார் துன்புறுத்தக் கூடாது என்று காவலர் நடத்தை விதிகளில் ஒரு விதி சேர்ந்தது. பத்திரிகைகளும் அலுவலகங்களும் மரியாதையாக எழுத ஒரு சொற்பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது.

சொற்பட்டியலை விட அந்த ஒப்புதல்தான் என்னைச் சுட்டது. உயர்நீதிமன்ற நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர், "நான் இன்னும் நடுவில் நிற்கவில்லை, நடுவுக்கு நடந்துதான் போக வேண்டியிருக்கிறது" என்கிற மாதிரி நடந்துகொள்கிறார். விசில் ஒன்று கழுத்தில் தொங்கியதாலேயே நான் பிறவியிலிருந்து நடுவில் நிற்பவன் என்று நம்பியிருந்தேன்.

எங்கள் மாவட்டத்தில் நடுநிலை என்று பேச்சு வந்தாலே உத்திரமேரூரைக் காட்டுவோம். நானும் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போய் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்க் கல்வெட்டைக் காட்டியிருக்கிறேன். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை. விவரம் தெரியாத ஒரு சின்னப் பையன் குடத்திலிருந்து ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும், இன்னொரு ஓலையை மறைத்துவைக்க வழியிருக்கக் கூடாது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் இவ்வளவு யோசித்திருக்கிறார்களே என்று பிள்ளைகளிடம் பெருமை பேசுவேன். அதே சுவரில், குடத்துக்குள் யார் பெயர் போகலாம் என்பதும் இருக்கிறது: கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்து முதல் எழுபது வயது, வேதம் படித்திருக்க வேண்டும். அதைப் பிள்ளைகளிடம் வேகமாகப் படித்துவிட்டுத் தாண்டிப்போவேன். கை சுத்தமாக இருந்தாலும், குடத்தில் யாருடைய ஓலை போடப்படவே இல்லை என்று மத்தியஸ்தன் பார்ப்பதில்லை. மண்டலப் போட்டிப் பட்டியலில் ஒரு பெயரை எழுதாமல் விட்டுவிட்டு, களத்தில் புள்ளிகளை ஒழுங்காக எண்ணினேனே, அதுவும் அந்த வகைதான்.

வெளிநாட்டில் ஒரு நடுவர் இருக்கிறார், நைஜல் ஓவன்ஸ். வேல்ஸில் ஒரு சின்னக் கிராமத்துக்காரர், ரக்பி நடுவர். தான் ஆண்களை நேசிப்பவன் என்ற உண்மையை வைத்துக்கொண்டு வாழ முடியாமல் இளம் வயதில் உயிரை விடப் பார்த்தவர். 2007இல் வெளியே சொன்னார். ரக்பி, கபடியை விட முரட்டு ஆட்டம், முரட்டு ஆட்களின் ஆட்டம். 2015 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு அவரைத்தான் நடுவராகப் போட்டார்கள். 2020இல் நூறு சர்வதேச ஆட்டங்களைத் தொட்ட முதல் நடுவர் ஆனார். அவர் தன்னை மறைக்காததால் ஒரு புள்ளியாவது பிசகியது என்று சொல்ல ஆள் இல்லை. 2014இல் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் கூட்டத்திலிருந்து அவரை அசிங்கமாகத் திட்டியவர்களில் இருவருக்கு இரண்டு வருஷம் மைதானத்துக்குள் நுழையத் தடை போட்டார்கள். எங்கள் ஏரிக்கரையில் அப்படித் திட்டியவர்களுக்கு நான் என்ன செய்தேன் என்பதை மேலே எழுதிவிட்டேன்.

கயிற்றைத் தள்ளிவிட்ட அந்தப் பொங்கல் போட்டியில் பரிசளிப்பு முடிந்து டீ கொடுத்தபோது, அவள் பக்கத்தில் போய் நின்றேன். பழைய ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா என்று ஏதோ கேட்டேன். மன்னிப்புக் கேட்க வந்தவன் இப்படித்தான் சுற்றி வளைப்பான் போலிருக்கிறது.

"கூவுனவங்க மூஞ்சி ஒண்ணும் ஞாபகம் இல்ல சார். அந்தப் பச்சை கார்டு மட்டும் நெனப்புல இருக்குது. நீங்களாவது நம்ம பக்கம் இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நடுவர் பக்கம் பார்க்கக் கூடாதும்மா" என்று வாய் வரைக்கும் வந்தது. நல்ல வேளை, விழுங்கினேன். மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. "டீ ஆறுது, சாப்பிடும்மா" என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

வானவில் கயிறு போடலாமா கூடாதா என்பதில் எனக்கு இன்றைக்கும் இரண்டு மனசு. உடையில் எந்த அடையாளமும் இல்லாத நடுவரே நல்லது என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. எல்லாருடைய படத்தையும் சுமந்த முதுகு அவளுக்காக ஒரு நாள் ஒரு கயிற்றைச் சுமந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று இன்னொரு பக்கம் தோன்றுகிறது. இதில் கற்றவர்கள் வாதாடட்டும். ஆனால் அந்தப் பச்சை அட்டையைப் பற்றி எனக்கு இரண்டு மனசு இல்லை. அது தப்பான தீர்ப்பு. தெரிந்தே கொடுத்தேன்.

தை மாதம் போட்டி நடத்தப்போகிற தம்பிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நடுவர்களுக்குப் படம் போடாத வெள்ளைப் பனியன் வாங்கிக் கொடுங்கள், இருநூறு ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை. யாரையாவது அந்த எண்ணைச் சொல்லியோ கையைத் தட்டியோ கேலி செய்தால் ஆட்டம் நிற்கும் என்று முதல் ஆட்டத்துக்கு முன்னாலேயே மைக்கில் சொல்லிவிடுங்கள். அப்படிக் கேட்டும் விசில் ஊதாத நடுவரை அடுத்த வருஷம் கூப்பிடாதீர்கள், அது நானாக இருந்தாலும்.